கார்ட்டூனுக்கா அழுவார்கள்?

கே: இருபத்திரண்டு வயது மகன் 'ஒன் பீஸ்' பார்த்துத் தேம்பித் தேம்பி அழுகிறான். பொம்மைப் படத்துக்கு அழும் வயதா இது?

ப: எந்தக் காட்சி என்று கேளுங்கள். பனி கொட்டும் நடுக்கடலில் ஒரு சின்னக் கப்பல் எரிகிறது என்றால், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அது 'கோயிங் மெரி'. அடிமரம் முறிந்த பிறகும் தன் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கரைசேர்க்க வந்த கப்பல். இன்னும் கொஞ்சதூரம் உங்களைச் சுமந்திருக்கலாமே என்று அது வருந்தும் இடத்தில் நானும் அழுதேன்.

கே: கற்பனைப் பாத்திரம் செத்ததற்குத் துக்கம் அனுசரிப்பது ரொம்ப அதிகமில்லையா?

ப: ஜப்பானில் கருமாதியே நடத்தியிருக்கிறார்கள். 'அஷிதா நோ ஜோ' குத்துச்சண்டைப் படக்கதையில் ஜோவின் எதிராளி ரிக்கிஷி. ஓவியர் டெட்சுயா சிபா ஆரம்பத்தில் அவனை ஜோவைவிட நெடுநெடுவென்று வரைந்துவிட்டார். இருவரும் ஒரே எடைப் பிரிவில் மோத வேண்டுமென்றால் ரிக்கிஷி உடம்பை வற்றவைத்தே ஆக வேண்டும். தாகத்தில் துடிக்கிறவனுக்கு ஒரு பெண் மனமிரங்கி வெந்நீர் கொண்டுவருகிறாள். அந்த மனசே போதும் என்று குவளையைத் தரையில் கவிழ்த்துவிடுகிறான். பிறகு மோதி, ஜெயித்து, சாய்ந்துபோகிறான். 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில் கோடன்ஷா பதிப்பகத்தில் கவிஞர் ஷூஜி தெரயாமா முன்னின்று இறுதிச் சடங்கு நடத்தினார். வந்தவர்கள் சுமார் எழுநூறு பேர். அந்தப் படக்கதையின் அனிமே, அதாவது கார்ட்டூன் வடிவம், தொடங்கியதே அடுத்த மாதம்தான்! அந்தக் குவளையைப் பார்த்தவர்கள் யாரும் அதை அதிகம் என்று சொல்ல மாட்டார்கள்.

கே: 'ஒன் பீஸ்' நாயகன் லூஃபிக்குக் குரல் கொடுப்பது பெண்ணாமே?

ப: ஆமாம், மயூமி தனகா. 1955-ல் பிறந்தவர். 1999 முதல் அந்தப் பொடியன் அவர் தொண்டையில்தான் வாழ்கிறான். 'டிராகன் பால்' கோகுவின் ஜப்பானியக் குரலும் ஒரு பெண்மணியுடையதே: மசாகோ நொசாவா. பாத்திரத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

கே: லூஃபியின் கூட்டாளிகளில் உங்கள் ஆள் சோரோவா, சாஞ்சியா?

ப: உசோப். பயமே இல்லாதவன் சண்டைக்கு நிற்பதில் என்ன இருக்கிறது? முழங்கால் வெடவெடக்க நிற்கிறானே, அவன்தான் வீரன்.

கே: 'ஒன் பீஸ்' ஆயிரம் எபிசோடுக்கு மேலாம். எப்படிப் பார்த்து முடிப்பது?

ப: முடிப்பதை விடுங்கள், 44 வரை பாருங்கள். அதற்குள் கூட்டாளி நாமி வாய்விட்டு உதவி கேட்பாள். யாரையும் தொடவிடாத தன் வைக்கோல் தொப்பியை லூஃபி அவள் தலையில் வைத்துவிட்டு நடப்பான். அதற்கப்புறம் நீங்களே நிறுத்த மாட்டீர்கள்.

கே: இந்தப் பைத்தியத்தால் நாலு பேருக்கு நன்மை உண்டா?

ப: ஜப்பானின் குமாமொட்டோ மாகாணத்தைக் கேளுங்கள். 'ஒன் பீஸ்' கதாசிரியர் எயிச்சிரோ ஓடாவின் சொந்த மண். 2016 ஏப்ரலில் நிலநடுக்கம் அதைப் புரட்டிப்போட்டது. ஓடா 80 கோடி யென் கொடுத்தார். பிறகு அடிபட்ட ஊர்களில் ஒவ்வொன்றாக லூஃபி, அவன் கூட்டாளிகள் ஆகியோரின் வெண்கலச் சிலைகள் எழுந்தன, ரசிகர்கள் அந்த ஊர்களைத் தேடிவர வேண்டும் என்பதற்காக. லூஃபி மாகாண அரசு அலுவலகத்தின் முன், மருத்துவன் சோப்பர் உயிரியல் பூங்காவில், சமையற்காரன் சாஞ்சி மிக மோசமாகக் குலுங்கிய மஷிகியில். ஜப்பான் போகிற ரசிகர்கள் டோக்கியோ கடைவீதியோடு திரும்பிவிடாதீர்கள். மஷிகிக்கும் போய் ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.