மாப்ளே மெஷின் வாங்கப் போறான்

வா மாப்ளே, குந்து. பெல்ட்டும் பையும் தைச்சு விக்கப் போறியாம், மெஷின்கூட பாத்து வச்சிட்டியாம், உங்கம்மா சொல்லிச்சு. பச்சை பெயிண்ட் பளபளன்னு, மேல ‘ஹெவி டூட்டி’ன்னு ஸ்டிக்கராமே. ரொம்ப நல்லது. அந்த ஸ்டிக்கர் ஒட்டிட்டா தலையணை உறை தைக்கிற மெஷினும் எருமைத் தோலைத் தொளைச்சிடும், உனக்குத் தெரியாததா?

கடைக்காரன் எதைத் தைச்சுக் காட்டினான்? ரெண்டு மடிப்பு ரெக்ஸினும் மெல்லிசு நூலும்தானே? தையல் முத்து முத்தா விழுந்திருக்கும். அதுல விழலைன்னாத்தான் அதிசயம். நாளைக்குப் போறப்போ நீ தைக்கப் போற தோலையும் நூலையும் கையோட எடுத்துக்கினு போ. மோட்டாரை நிறுத்தச் சொல்லி, வீலைக் கையால சுத்தி, ஒரு அடுக்குலேர்ந்து நாலு அடுக்கு மேல ஏத்து. ஏர்ற எடத்துல தையல் தாண்டிச்சுன்னா டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பிடு. ரிவர்ஸ் போட்டா ஊசி பழைய ஓட்டையிலயே எறங்குதா பாரு. ஊசிக் கம்பியைப் புடிச்சு ஆட்டிப் பாரு. சந்தையில மாட்டு வாயைப் பொளந்து பல்லு எண்ணிப் பாக்குற வம்சம்டா நாம. நீ இன்னாடான்னா கொம்புல பூசின வண்ணத்தைப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கப் போறே!

சட்டை தைக்கிற மெஷின்ல கீழப் பல்லு மட்டுந்தான் துணியை இழுக்கும். தோலை அப்பிடி இழுத்தா மேல் அடுக்கு பின்தங்கும், அடித் தோல்ல பல்லு கடிச்ச தடம் விழும். வாக்கிங் ஃபுட்ல ஊசியும் கீழப் பல்லும் மேல் பாதமும் சேந்து நடக்கும். உனக்கு வேண்டியது அது. ‘ஹெவி டூட்டி’யில அது கீதான்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. மொதலாளி கேள்வி கேக்கலாமா, மரியாதைக் குறைச்சல் ஆச்சே.

இன்னொருத்தன், ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்காரன் கழிச்சுப் போட்டது சல்லிசா வருதுன்னானாமே. வரும். ஆனா அதுல நெறைய போஸ்ட் பெட். ஷூவோட மேல்பாகத்தை வளைச்சு வளைச்சுத் தைக்கச் செஞ்சது. மெல்லிசு தோலு, மெல்லிசு நூலுன்னா நாள் முச்சூடும் ஓடும். உன் தடி பெல்ட்டை அதுல வச்சியானா அதுவும் அழுவும், நீயும் அழுவே. பைக்கு ஃபிளாட் பெட் போதும். வாயி, பக்கவாட்டுன்னு சுத்தித் தைக்கணும்னா சிலிண்டர் பெட். குதிரைச் சேணம் கணக்கா தைக்கிற ஆசை வந்தா ஜூகி 441 மாதிரி பெருங்கை வேணும். அந்த ஆசை வந்தா மொதல்ல என் கிட்ட வா, ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தி அனுப்புறேன்.

அப்புறம் ஒருத்தன் சிங்கர் 29கேன்னு நீளக் கை மெஷினைக் காட்டி, ‘அஞ்சு வருஷந்தான் ஓடிச்சு’ன்னு சத்தியம் பண்ணுவான். நீயும் தலையாட்டு. அந்த ‘கே’ ஸ்காட்லாந்துல, கிளைட்பேங்க் ஊர்ல இருந்த கில்போவி ஃபேக்டரியோட எழுத்து. 1980-லயே அதை இழுத்து மூடிட்டாங்க. இந்த மெஷினைச் செருப்புத் தைக்கிறவங்க வச்சிருப்பாங்க, பாதத்தை எந்தப் பக்கம் வேணாலும் திருப்பலாம். ஒட்டுப் போட அதுக்கு ஈடே இல்ல. ஆனா உள்ள ராக்கும் பினியனும் தேஞ்சு, லிவரும் தேஞ்சு, நீ பெருந்தையல் வச்சா அது குட்டித் தையல் போடும். அதை நம்பித் தொழில் ஆரம்பிக்கிறவனை இன்னான்னு சொல்றது!

இப்ப கேளு. மெஷின் பாக்கப் போறதுக்கு முன்னாடி பார்ட்ஸ் கடைக்குப் போவணும். நீ தலைகீழா நடக்கிறே. மாடல் பேரைச் சொல்லி ஹூக் கீதா, பாபின் கேஸ் கீதா, பாதம் கீதான்னு விசாரி. கடைப் பையன் நிமிராமலே ‘எந்த சைஸு?’ன்னு கேட்டான்னா அந்த மெஷின் ஒனக்குச் சோறு போடும். ‘இன்னாது அது?’ன்னு மொதலாளியைத் திரும்பிப் பாத்தான்னா, எவ்ளோ மலிவா வந்தாலும் உட்ரு. பழைய சிங்கர் 111டபிள்யூ வகையறா, ஜூகி எல்யூ-563, கான்சூ 206, இதுங்க எல்லாம் பங்காளிங்க. ஒண்ணோட பாதம் இன்னொண்ணுல உட்காரும். லூதியானா சரக்கும் வரும், சீனா சரக்கும் வரும். பாதம், பாபின் டூப்ளிகேட் வாங்கு, குடி முழுகாது. ஹூக்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. மொனை கொஞ்சம் பிசிறு அடிச்சிருந்தாலும் நூலை அறுத்துக்கினே இருக்கும்.

பழைய பார்ட் ஒண்ணைக் கையில வச்சிக்கினு, அதுல குத்தின நம்பரைச் சொல்லித்தான் கேக்கணும். ஸ்க்ரூவும் அப்பிடித்தான். ஒன்னை மாதிரி கெட்டிக்காரன் ஹார்டுவேர் கடையில எம்6 வாங்கிட்டு வந்து திருகுவான். சிங்கர் வழி மெஷின்ல மரை தனிக் கணக்கு. 15/64 அங்குலம், அங்குலத்துக்கு 28 சுத்து. பாக்க ரெண்டும் ஒண்ணாட்டந்தான் இருக்கும். ரெண்டு சுத்து போவும், அப்புறம் இறுகும், ஒனக்கு ரோஷம் வரும், ஸ்பேனரை எடுப்பே. மரை பூடும்.

நூலு வாங்கினியாமே, தடியா வேணும்னு 40 நம்பர்? சபாஷ். நம்பர் ஏற ஏற நூலு எளைக்கும்டா. தடி வேணும்னா 20. அதுக்கு ஊசி 22, அதாவது 140. அந்த 40-க்கு 18 போதும். ஊசியிலயும் ஜாதி கீது. ஜூகி எல்யூ-563-க்கு 135x17 துணிக்கு, 135x16 தோலுக்கு. ஃபாஃப் 545, 1245-க்கு 134-35. மாத்திப் போட்டா நீளம் ஒத்துவராது, தையல் தாண்டும். ஒடனே மெக்கானிக் வந்து ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற டைமிங்கைக் கலைப்பான். அப்புறம் சரியான ஊசி போட்டாலும் தைக்காது. ஆக, கோளாறுன்னா மொதல்ல புது ஊசி, ரெண்டாவது நூல் போற வழி, பாபின். டைமிங் கடைசி. நீ அதைத்தான் மொதல்ல தொடுவே, தொடு. மெக்கானிக் வூட்லயும் அடுப்பு எரியணுமில்ல.

நூல் சிக்கி மெஷின் தைக்காம வெறுமனே சுத்துதுன்னா ‘ஹூக் போச்சு’ன்னு பெரிய தொகை சொல்வானுங்க. பல வாக்கிங் ஃபுட் மெஷின்ல சேஃப்டி கிளட்ச்சுன்னு ஒண்ணு கீது. சிக்கினா ஹூக் ஒடையாம தானா கழண்டுக்கும். நூலை எடுத்துட்டு, அதுக்குன்னு இருக்கிற பட்டனை அமுக்கிப் புடிச்சு வீலை அழுத்திச் சுத்தினா டக்குன்னு உட்காரும். இதைச் சொல்லிக் குடுத்தா அவன் பொழப்பு போவும், வெளிய சொல்லாதே.

மோட்டாரா? கிளட்ச் மோட்டார்ல நிமிஷத்துக்கு 2,800 சுத்துக்காரனைத் தொடாதே, கால் வச்சா பெல்ட்டு தெருவுக்கு ஓடிடும். 1,440 எடு. சர்வோ மோட்டார் வாங்கினா மெதுவாப் போறப்போ தடித் தோல்ல இழுக்குதான்னு பாத்து வாங்கு.

எழுந்திரிக்காதே, குந்து. அவ்ளோ அலைச்சல் ஒனக்கு எதுக்கு? மேலண்டை ரூம்புல சாக்கு போட்டு மூடி ஒரு 29கே கீது. அஞ்சு வருஷந்தான் ஓடிச்சு. சொந்தக்காரனாச்சேன்னு வெலையில கொறைச்சுக்கிறேன். தைச்சுப் பாக்கணுமா? அது மட்டும் இப்ப முடியாது மாப்ளே, ஷட்டில் இல்ல. பார்ட்ஸ் கடையில கேட்டேன், பையன் மொதலாளியைத் திரும்பிப் பாத்தான்.