பால்கோவா திடமா, திரவமா?

அக்கா மகள் லீவு முடிந்து கிளம்பிப் போய்விட்டாள். அவள் கிளப்பிவிட்ட எரிச்சல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அவள் ஒரு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூ. எந்த நிறுவனம் என்று எழுதக் கூடாதாம். சீருடையின் நிறத்தைக்கூடச் சொல்லக் கூடாதாம். சரி, சொல்லவில்லை. பிளவக்கல் அணையில் தண்ணீர் நன்றாக நிற்கிறது, பிள்ளை பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அக்கா ஆசைப்பட்டாள். எல்லோருமாகப் புளியோதரை, சாத்தூர் சேவு சகிதம் அணைக்குப் போனோம். எதிரே பெரியாறு அணை, பின்னால் மேகம் இறங்கிய மலை, கொஞ்சம் தள்ளிக் கோவிலாறு. ஒருத்தராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பாசஞ்சருங்க இருக்காங்களே..." என்று ஆரம்பித்தாள் என்றால் அணை நிரம்பி மறுகால் போகிற மாதிரிதான். நாமாக அடைக்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் விமானம் ஏறியவன் நான் ஒருவன். அதனால் ஒவ்வொரு கதையையும் "உங்கள மாதிரியே ஒருத்தர், மாமா" என்றுதான் தொடங்கினாள். விளக்கைப் போடுவதாக நினைத்துப் பணியாளரைக் கூப்பிடும் பொத்தானை அமுக்கியவர் என்னை மாதிரி. அவள் வந்து நின்றதும், வந்தது வந்துவிட்டாள் என்று தண்ணீர் கேட்டவரும் என்னை மாதிரி. பையை மேலே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு, அவள் தூக்கும்போது "பாத்தும்மா, ஊறுகா இருக்கு" என்றவரும் சாட்சாத் நானேதான்.

சக்கரம் தரையைத் தொட்டதும் பெல்ட் கழலும் சத்தம் இருக்கிறதே, அதை வாயாலேயே செய்து காட்டினாள். டக், டக், டக்கென்று பின்னாலிருந்து முன்னால் வரை. அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நான் கேட்டேன்: "ஏம்மா, நீ வத்திராயிருப்பு பஸ்ஸில் ஜன்னல் வழியாத் துண்டு போட்டு இடம் பிடிச்சவதான? நிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிக்கலைன்னா நம்ம ஊர்ல யாராவது இறங்க விடுவாங்களா?" பதில் சொல்லாமல் அடுத்த கதைக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கொடுத்த பயிற்சியில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

அடுத்தது சக்கர நாற்காலி. ஏறும்போது நாற்காலி, இறங்கும்போது நடை, பெட்டி வரும் இடத்தில் ஓட்டம். விமானத்துக்குள் ஏதோ அற்புதம் நடந்துவிடுகிறது என்று சொல்லிச் சிரிக்கிறாள். இதில் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் அமாவாசை தவறாமல் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறி இறங்குகிறவர். வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போகும்போது மட்டும் அவருக்கு முழங்கால் இருப்பது ஞாபகத்துக்கு வரும். வரிசையில் நிற்க வேண்டாம், இங்கிலீஷ் பேச வேண்டாம், தள்ளுகிற பையனே எல்லா இடத்திலும் காகிதத்தைக் காட்டிவிடுவான். மலை ஏறுவதற்கு இப்படி ஒரு வசதி இருந்தால் அங்கேயும் கேட்பார்.

அவள் சொன்னதிலேயே உச்சம் தலையணைக் கதைதான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் பால்கோவா விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஒரு பத்தி போதும்.

நம்ம பக்கத்து ஆள் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகிறார். கைப்பையில் இரண்டு கிலோ பால்கோவா. சோதனை செய்யுமிடத்தில் எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். திரவம், கூழ், பசை எல்லாம் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்பது விதி. மனிதர் விடவில்லை. இது திடப்பொருள் என்று வாதாடியிருக்கிறார். தோற்று, வெறும் பையோடு விமானத்துக்குள் வந்து, போய்ச் சேருகிற வரைக்கும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டாராம். "ஒரு ஸ்வீட்டுக்குப் போய் இப்படியா மாமா!" என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் பிறந்தவன் சிரிக்கிற விஷயமா இது?

முதலில் விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2006 ஆகஸ்ட்டில் லண்டனில், குளிர்பான பாட்டிலில் வெடிமருந்துக் கரைசலை நிரப்பி அட்லாண்டிக் தாண்டும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதியைப் பிடித்தார்கள். முதலில் எல்லாத் திரவத்தையும் தடுத்தார்கள். பிறகு போனால் போகிறதென்று 100 மில்லி தந்தார்கள். அதெல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தச் சதிகாரர்களில் ஒருவனாவது பாலைச் சுண்டக் காய்ச்சினானா? விறகு அடுப்புக்கு முன்னால் நின்று, அடிப்பிடிக்காமல் கை ஓயக் கிண்டுகிறவனுக்குச் சதி செய்ய நேரம் ஏது?

அடுத்து, இயற்பியல். திடப்பொருளுக்குத் தனக்கென்று ஒரு வடிவம் உண்டு, திரவம் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் என்று படித்தோம். பால்கோவாவை அள்ளி இலையில் வைத்தால் வைத்தபடி இருக்கும். ஆகவே திடம். ஆனால் இது நேற்றுக் கிண்டியது. இன்றைக்குக் காலையில் கிண்டியதைச் சூட்டோடு வாங்கினால் விரலிடுக்கில் வழியும். மூன்றாம் நாள் மணல்மணலாக இறுகிவிடும். அதையே சித்திரை வெயிலில் காரின் பின்பக்கம் போட்டு மதுரை வரைக்கும் கொண்டுபோனால், திருமங்கலம் தாண்டுவதற்குள் மறுபடி நெகிழ்ந்துவிடும். விமான நிலைய ஏ.சி.யில் திரும்பவும் இறுகும். ஆக, ஒரே பால்கோவா கடையில் திரவம், வீட்டில் திடம், வழியில் கூழ், கியூவில் மறுபடி திடம். எந்த நிமிஷத்தில் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து என் வீட்டுப் பலகாரம் பயங்கரவாதமாகவோ பலகாரமாகவோ ஆகிறது. தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் இல்லையா இது?

கோவில்பட்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கடலை மிட்டாயை எந்த நாட்டு இயந்திரத்துக்குள் விட்டாலும் அது கடலை மிட்டாய்தான். சாத்தூர்க்காரர்களுக்கும் கவலை இல்லை, சேவைக் கரைசல் என்று எவனும் சொல்ல முடியாது. அல்வாவை வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்காரர்கள் எப்படி உலகம் சுற்றுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. அது திடம் என்று அவர்களே சத்தியம் செய்ய மாட்டார்கள். பழனிக்காரர்கள் கதை இன்னும் மோசம். பஞ்சாமிர்தத்துக்கும் எங்கள் பால்கோவாவுக்கும் 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கமே ஊர்ப் பெயரைச் சேர்த்து முத்திரை குத்திக் கொடுத்த பொருள்! வேறு எங்கு கிண்டினாலும் அது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகாது என்று சட்டம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போக முடியுமா என்று கேட்டால் மட்டும் அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

"பெட்டியில போட்டு லக்கேஜ்ல அனுப்ப வேண்டியதுதான மாமா?" என்றாள். அனுப்பலாம். அந்தப் பெட்டியில்தான் ஏற்கெனவே இட்லிப் பொடி, வடகம், சின்ன வெங்காயம், பேரனுக்குக் கல் உரல். எடை போடும்போது எவ்வளவு கூடுதல் என்று சொன்னதும் நடுக் கூடத்தில் பெட்டியைத் திறந்து, உள்சட்டையெல்லாம் ஊர் பார்க்க, எதைக் கழிப்பது என்று குடும்பமே குந்தி உட்கார்ந்து பேசுவதையும் அவள் கதையாகச் சொன்னாள். அப்படியானால் எங்கே வைப்பதாம்?

சபரிமலைக்குப் போகிற சாமிமார் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக முடியவில்லை என்று முறையிட்டார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசு, சீசன் முடியும் வரை கொண்டுபோகலாம் என்று தளர்த்தியது. இத்தனைக்கும் தேங்காயின் சொந்தக்காரரான கொப்பரை, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று சர்வதேச அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது. தீப்பிடிக்கிற பரம்பரைக்கு விதிவிலக்கு உண்டு. பால்கோவா பரம்பரையில் யாராவது பற்றி எரிந்தார்களா? எங்கள் எம்.பி. யாராவது பாராளுமன்றத்தில் எழுந்து, இது திடமா திரவமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இருந்தால் நல்லது. அமைச்சர் நேரில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு பத்தி என்று சொன்னேன், நீண்டுவிட்டது. தலையணைக் கதைக்கு வருகிறேன்.

வருவதற்கு முன்னால் ஒரு சந்தேகம். விமானத்துக்குள் நடப்பதை உள்ளிருந்தவர்கள் சொல்வதாக வருகிற கதைகளையெல்லாம் அப்படியே நம்பலாமா? 1967-ல் அமெரிக்காவில் 'காபி, டீ ஆர் மீ?' என்று ஒரு புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. இரண்டு விமானப் பணிப்பெண்களின் நினைவுக்குறிப்பு என்று அட்டையில் இரண்டு பெண்களின் பெயர். எழுதியவரோ டொனால்ட் பெய்ன் என்கிற ஆண், ஒரு விமான நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர். இதை அக்கா மகளிடம் சொன்னேன். "அப்ப நானும் மீசை வச்ச ஆளுன்னு சொல்றீங்களா மாமா?" என்றாள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டம் எதற்கும் சிரிக்கிற கூட்டமாக இருந்தது.

இந்த வேலைக்கு 1930-ல் முதன்முதலாக வந்த பெண் எல்லன் சர்ச், அமெரிக்காவில் நர்ஸாக இருந்தவர். அவரோடு சேர்ந்தவர்களும் நர்ஸுகளே. பயந்தவனைத் தட்டிக்கொடுக்க நர்ஸ் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று அன்றைக்கு நினைத்தார்கள். அந்த வழக்கத்தை ஏன் விட்டார்கள்? நர்ஸ் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றால் ஊசி போட்டு முடித்த பிறகாவது சிரிப்பார்.

ஒன்றில் மட்டும் அவள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது விதி. 180 பேர் ஏறினால் நாலே நாலு பேர். பல நிறுவனங்களில் இவர்களுக்குப் பறக்கிற நேரத்துக்கான படி, விமானம் அசைந்த பிறகுதான் கணக்கில் ஏறும். நாம் பையோடு முட்டி மோதி, இடம் மாற்றிக் கேட்டு, பால்கோவாவை அடுத்தவர் தலைக்கு மேல் சரிக்கிற அந்த அரைமணி நேரமும் இலவச சேவை. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 2022-ல்தான் பயணிகள் ஏறும் நேரத்துக்கும் கூலி தர ஆரம்பித்தது, அதுவும் பாதிக் கூலி. இதை அவள் சொன்னபோது எனக்கு மனசு இளகத்தான் செய்தது. உடனே, "அதனாலதான் மாமா, உங்கள மாதிரி ஆளுங்க மெதுவா உட்கார்ந்தா எங்களுக்கு அப்படி வரும்" என்றாள். இளகினது இறுகிவிட்டது.

2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி கதையைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 300 பேரும் உயிரோடு வெளியேறிவிட்டார்கள். தீயை அணைக்க வந்த ஒரு வீரர் இறந்துபோனார். உள்ளே எடுத்த வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியது. புகைக்கு நடுவில் மேலே கையை விட்டுப் பை தேடிக்கொண்டிருக்கிறார்கள், லேப்டாப் லேப்டாப் என்று ஒரு குரல். 2024 ஜனவரி 2-இல் டோக்கியோவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேர் பெட்டியையெல்லாம் விட்டுவிட்டு இறங்கினார்கள். "அவங்க எதையும் எடுக்கல மாமா" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காதான் கேட்டாள்: "லேப்டாப் சரி, நகை இருந்தா?" மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

பயணிகளைப் பட்டியல் போடவும் வழி செய்துவிட்டார்கள். ஒரு எம்.பி. விமான நிறுவன ஊழியரைச் செருப்பால் அடித்த விவகாரத்துக்குப் பிறகு 2017-ல் விதி வந்தது. வாயால் வம்பு செய்தால் மூன்று மாதம் வரை பறக்கத் தடை, கை நீட்டினால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி நடந்தால் இரண்டு வருஷமும் அதற்கு மேலும். நல்ல விதிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அணைக்கரையில் உட்கார்ந்து தாய்மாமனை மூன்று மணி நேரம் கேலி செய்தால் எத்தனை மாதம் என்று அதில் போடவில்லை.

இத்தனைக்கும் அவள் வந்ததும் போனதும் பொதிகை எக்ஸ்பிரஸில். விமான ஊழியர்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு, ஆனால் காசு கொடுத்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தபின் இடம் மிஞ்சினால்தான் ஏற முடியும். விடுமுறை நாளில் எங்கே மிஞ்சும்? நாங்கள்தானே எல்லா இடத்திலும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டபோது கூட வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கென்று மூன்று கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். திடமாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

தலையணைக் கதை பாக்கி நிற்கிறது. அதைப் படித்தால் எந்த ஊர் விமானம், எந்த வரிசை, அன்றைக்கு யார் வேலையில் இருந்தது என்று அவளுடைய ஆபீஸில் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்களாம். கண்டுபிடித்தால் வேலை போகும். வேலை போனால் நேரே இங்கேதான் வருவாள். வந்தால் தினசரி சாயங்காலம் பிளவக்கல், புளியோதரை, "உங்கள மாதிரியே ஒருத்தர், மாமா." ஆகவே சொல்லப்போவதில்லை.