கொட்டாவி விடுறவனுக்கு முதல் பந்தியா?

ஏலே பேராண்டி, நீ போக்கிமான் கோ ஆடுற அந்தப் போன இங்கன கொண்டா. கோயில் வாசல் ஜிம்முல ரேக்வாசா எறங்கியிருக்கானாம்லா? அஞ்சு நட்சத்திர ரெய்டு. நீ யார் யாரக் கூட்டிக்கிட்டு சண்டைக்குப் போறன்னு நானும் பாக்கேன்.

ஆகா! முதல் ஆளே ஸ்லேக்கிங். எதுக்குலே? சிபி நாலாயிரத்துச் சொச்சம்னு போட்டிருக்காம். சபாஷ். பல்லப் புடிச்சுப் பாக்காம, நடக்கவிட்டுப் பாக்காம, கொம்புல பெயிண்டு பளபளன்னு இருக்குன்னு சந்தையில மாடு புடிச்சிட்டு வந்தான் உங்கப்பன். அவன் ரத்தம் எங்க போகும்? அந்த ஸ்லேக்கிங் என்ன அடி அடிக்கும்னு தட்டிப் பாத்தியா? அதோட வேக அடிக்குப் பேரே கொட்டாவி. பலம் எவ்வளவுன்னு வாசி. சைபர்! ரேக்வாசா மேல விழுந்து பொளக்கான், நம்ம தொரை வாயத் தொறந்து கொட்டாவி விடுதாரு.

அடுத்து பிளிஸ்ஸி. உசுரு கெட்டி, ஒத்துக்கிடுதேன். ஜிம்முக்குக் காவல் வைக்கணும்னா அவளத்தான் வைக்கணும். ஆனா தாக்குற எண்ணு வெறும் 129. அஞ்சு நட்சத்திர பாஸுக்கு உசுரு 15,000; உனக்குக் குடுத்த நேரம் 300 விநாடி. வகுத்துப் பாரு, விநாடிக்கு 50 விழுந்தாத்தான் ஆள் சாய்வான். நீ சாகாம நின்னு என்னத்துக்கு ஆவ? மணி அடிச்சதும் அவன் பாட்டுக்குக் கெளம்பிருவான். போனே ஆறு பேர நிறுத்திக் குடுக்குதுன்னு சொல்லாத. அதுவும் பல நேரம் தாங்குறவனத்தான் தேடும், அடிக்கிறவன இல்ல.

மிச்சம் நாலும் டிராகனைட்டு. இங்கன கொஞ்சம் மூளை வேலை செஞ்சிருக்கு, உங்காத்தா வழி. டிராகன டிராகன் அடிச்சா 1.6 மடங்கு விழும், நெசந்தான். அவன் திருப்பிக் குடுத்தாலும் உனக்கு அதே 1.6 தானலே! அவுட்ரேஜ் எறக்குனான்னா ஒண்ணு ஒண்ணா மல்லாந்துரும். பறக்குற வகையாப் போனதுனால ஏன்ஷியன்ட் பவர்ங்கிற கல்லடியும் சேத்து வாங்கும். ஆறும் படுத்த பொறவு நீ வெளிய வந்து, ரிவைவ் குடுத்து, மறுபடி உள்ள போறதுக்குள்ள பாதிக் கடிகாரம் ஓடிரும். ரெண்டாவது டீம ஒண்ண முன்னாடியே கட்டி வையின்னா கேக்கியா?

ரேக்வாசா டிராகன், கூடவே பறக்குறவன். ரெண்டுக்குமே ஐஸுன்னா ஆகாது. 1.6ஐ 1.6ஆல பெருக்கு: 2.56. வாத்தியார் தசமப் பெருக்கல் நடத்தும்போது ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தீரு, இப்ப முழிக்கீரு. அந்தா பையோட அடியில ஸ்வைனப்பு கெடக்கு பாரு. பன்னிக்குட்டின்னு சிரிச்சு புரபசருக்கு அனுப்பிக்கிட்டிருக்கியே, அதுதாம்லே. 25 மிட்டாய் குடுத்தா பைலோஸ்வைன். இன்னும் 100 மிட்டாயும் ஒரு சின்னோ ஸ்டோனும் போட்டா மேமோஸ்வைன். பவுடர் ஸ்னோ, அவலாஞ்சுன்னு ரெண்டு ஐஸ் அடியும் அதுக்கு இருக்கான்னு பாத்துக்கோ. மட் ஸ்லாப்பும் புல்டோஸும் இருந்துச்சோ, வானத்துல நிக்குறவன் மேல மண்ண வாரி எறைச்சிட்டு வருவ. டிஎம் குடுத்து அடிய மாத்து. ரேக்வாசா அடிக்கிற கல்லடியே மேமோஸ்வைனுக்குக் கூடவும் விழாது, கொறையவும் விழாது: ஐஸ் உடம்பு வாங்குறத மண்ணு உடம்பு கழிச்சிரும்.

ராக்கெட் பயககிட்ட புடிச்ச ஷேடோ ஒண்ணு கெடைச்சா அடி 20 சதவீதம் கூட, தாங்குறதுதான் கம்மி. 'ஐயோ பாவம், கண்ணு செவந்து கெடக்கு'ன்னு இரக்கப்பட்டு சுத்தப்படுத்திராத. இரக்கத்த வீட்டுல உங்க ஆச்சிகிட்ட காட்டு, தோசை ரெண்டு கூட விழும்.

இன்னொரு சங்கதி. பனி பெஞ்சா ஐஸ் அடி 1.2 மடங்கு ஏறும். அதுக்கு நீ நம்ம தென்காசியில உக்காந்திருந்தா உன் பேரனுக்குப் பேரன்தான் பாக்கணும். ஆனா காத்து இருக்கே! விளையாட்டுல காத்துன்னு காட்டுச்சுன்னா பலம் ரேக்வாசாவுக்கு, ஆடி மாசத்துல கேக்கவே வேண்டாம். பயந்து வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிடாத. அன்னைக்கு அவனப் புடிச்சா லெவல் 20க்குப் பதிலா 25ல வருவான். கூட ரெண்டு பேரச் சேத்துக்கோ, 20 பேர் வரைக்கும் எடம் இருக்கு. எதுத்த வீட்டு சித்தி மகளக் கூப்பிடு. அவ சிபியத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, ஆறும் ஐஸுதான். அடி முழுக்க அவ அடிப்பா, நீ பின்னாடி நின்னு கொட்டாவி விடலாம். பொறவு அவளுக்கு மொதப் பந்துலயே ரேக்வாசா விழுந்து, உனக்கு ஓடிட்டான்னா என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்காத.