வழி கேட்கக் கூடாதாம்!

ஓரியண்டீரிங் என்றொரு விளையாட்டு உண்டு. கையில் ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்து, ஆங்காங்கே தொங்கும் ஆரஞ்சு, வெள்ளைக் கொடிகளை வரிசை மாறாமல் கண்டுபிடித்து வரச் சொல்வார்கள். முதலில் முடித்தவர் ஜெயித்தவர். ஸ்காண்டிநேவிய ராணுவப் பயிற்சியாகத் தொடங்கி, 1897-இல் இன்றைய ஆஸ்லோ அருகே பொதுமக்கள் போட்டியாகி, 1961-இல் சர்வதேசச் சம்மேளனமும் கண்ட இந்த விளையாட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் என் தலையில் வந்து விழுந்தது. தள்ளிவிட்டவள் அங்கே படிக்கும் அக்கா மகள். ஜோடிப் பிரிவில் அவளுக்கு ஓர் ஆள் குறைந்தது.

இதென்ன பிரமாதம் என்றுதான் கிளம்பினேன். பவானிக்காரனுக்குத் திசை சொல்லித் தர வேண்டுமா? இடது, வலதெல்லாம் எங்களுக்குச் செருப்புக் கடையோடு சரி. "மேக்கால போயி, வடக்க திரும்புனா, கெழக்க பாத்த ஊடு" என்பதுதான் முகவரி. ஊரின் அமைப்பும் அப்படி. கிழக்கே காவிரி, அக்கரையில் குமாரபாளையம். மேற்கிலிருந்து வரும் பவானி ஆறு கூடுதுறையில் கலக்கிறது. கால் நனைந்தால், போக வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

வரைபடம் 1:4000. ஒரு சென்டிமீட்டர் நாற்பது மீட்டர். அதில் பச்சையைப் பார்த்ததும், "நெழலாப் போயிரலாம் அம்மிணி" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளை என்றால் ஓடக்கூடிய மரத்தோப்பு, மஞ்சள் என்றால் திறந்தவெளி. பச்சை அடர்த்தியாக ஆக, நுழைய முடியாத புதராம். பசுமை கூடக் கூடக் கெடுதல் என்பதை ஜீரணிக்க, தோட்டம் துரவு என்று வாழ்ந்த வம்சத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குள் அடுத்த இடி. "யாருகிட்டயும் வழி கேக்கக் கூடாதுங் மாமா."

கொங்கு நாட்டானை வெயிலில் ஓடவிடலாம், பட்டினி போடலாம். வழி கேட்காதே என்றால் எப்படி? வழி தெரியாதவன் மட்டுமா வழி கேட்கிறான்? மழை உண்டா, மஞ்சள் என்ன விலை போகுது, பையனுக்குப் பொண்ணு அமைஞ்சுதா என்று பேச்சைத் தொடங்க வேறு என்னதான் சாக்கு இருக்கிறது?

சரி, வாயைக் கட்டிக்கொண்டேன். ஊர் வாயை யார் கட்டுவது?

"ஏனுங், அந்த ஆரஞ்சுத் துணிங்களா? தண்ணித் தொட்டிக்குப் பொறத்தாலங்க" என்றார் காவலாளி. "டீ குடிச்சுட்டுப் போங்க, கொடி எங்க போயிரப் போகுது?" என்றார் கேன்டீன்காரர். அதில் எனக்கு மறுப்பில்லை. கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றாலேயே காட்டினார்: "அங்க இல்ல கண்ணு, அந்த மூணாவது வேப்பமரம்."

"காதைப் பொத்துங்க மாமா!" என்று அலறினாள் அக்கா மகள். கேட்கக் கூடாது என்றுதானே விதி, பெரியவர்கள் தாமாகச் சொன்னால் காதில் வாங்குவது மரியாதையல்லவா என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவள் வரைபடத்தை வடக்குக்கு ஒத்துத் திருப்பி, அடி எண்ணி நடந்து, ஒரு கட்டடத்தைச் சுற்றி, ஒரு மேடேறி இறங்கி, அதே மூன்றாவது வேப்பமரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"பாத்தீங்களா, மேப்பு பொய் சொல்லாது!"

"நான் அப்பவே சொன்னனே" என்றார் அந்த அம்மா, கூட்டுவதை நிறுத்தாமல்.

எங்களுக்குப் பின்னால் வந்து சேர யாரும் பாக்கியில்லை. நார்வேக்காரர்கள் இதைக் காட்டில் நடத்தியதன் சூட்சுமம் அப்போதுதான் விளங்கியது. ஒருவனை நிம்மதியாகத் தொலையவிட, ஆளில்லாத இடம் வேண்டும்.

அடுத்த போட்டியைப் பவானியில் வைக்கலாமா என்று கேட்டாள். வைக்கலாம். கொடியைத் தேடும் சிரமமே இருக்காது. காயப்போட்ட துணி காற்றில் வந்து மாட்டிக்கொண்டது என்று யாராவது எடுத்து மடித்து, "இது உங்களுதுங்களா?" என்று விசாரித்துக்கொண்டு, புறப்படும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.