மெயின்ஃப்ரேம் மாமா

நங்கநல்லூர் பூங்காவில் காலை நடை போகும் பெரியவர்களில் ஒருவருக்கு மட்டும் விடாமல் ஃபோன் அடித்தால், அவர் கடன் வாங்கியவர் என்று நினைத்துவிடாதீர்கள். கோபோல் தெரிந்தவர். இந்த ரகம் வேளச்சேரியிலும் உண்டு, குரோம்பேட்டையிலும் உண்டு. எல்லோருக்கும் பொதுப்பெயர் மெயின்ஃப்ரேம் மாமா.

கோபோல் 1959-இல் உருவெடுத்த கணினி மொழி. மாமாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தது. அவரைப் போலன்றி இன்னும் ஓய்வு பெறவில்லை. வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் என்று இன்றும் அமெரிக்காவில், மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினிகளில், பாரம் சுமக்கிறது. பஞ்ச் கார்டு காலத்து மொழி என்பதால் வரிக்கு வரி கட்டக் கணக்கு: முதல் ஏழு கட்டம் விட்டு எட்டாவதில் தொடங்க வேண்டும், 72-க்கு மேல் போனதைக் கணினி சீண்டாது. மாமா மளிகைச் சிட்டைகூட இடப்பக்கம் தாராளமாக இடம் விட்டுத்தான் எழுதுவார். பால்காரர் கணக்கில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் போட்டால், "எந்த நூற்றாண்டுப்பா?" என்பார். இரண்டிலக்க வருடத்தால் கணினிகள் 2000-ஐ 1900 என்று குழப்பிக்கொள்ளும் என்று பயந்த ஒய்2கே அடித்த அடி அப்படி.

ஃபோனில் வருவது ஆளெடுக்கும் பெண்.

"சார், கோபோல்ல பத்து வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

"இருபத்தஞ்சு இருக்கும்மா."

"ஜாவா, கிளவுட் எல்லாம்?"

"தெரியாது."

"பரவாயில்ல சார். நோட்டீஸ் பீரியட் எவ்ளோ?"

"நான் ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப நீங்க இமீடியட் ஜாய்னர் சார்!"

மாமாவே ஒரு காலத்தில் விலங்கியல் பட்டதாரி. 1997-இல் ஒய்2கே வேலைக்கு ஆள் தட்டுப்பாடு வந்தபோது ஒரு கம்பெனி அவரைப் பிடித்து, மூன்று மாதம் சொல்லிக்கொடுத்து, அமெரிக்காவில் உள்ள ஹார்ட்ஃபோர்டுக்கு விமானம் ஏற்றிவிட்டது. தவளையை அறுத்த கை, இன்சூரன்ஸ் புரோகிராமை அறுத்தது. இன்று அதே மாதிரிக் கம்பெனிகள் மூன்று மாதம் சொல்லிக்கொடுக்க மனமில்லாமல், ஆறு மாதம் ஆள் தேடுகின்றன. தென்னங்கன்றே நடாமல் இளநீருக்கு அலைகிறார்கள். மொழியை ஒரு மாதத்தில் படித்துவிடலாம் என்பது மாமாவின் கட்சி. 'இந்த வரியை நீக்காதே' என்று எவரோ எப்போதோ எழுதிவைத்துப் போன வரியை ஏன் நீக்கக்கூடாது என்று கண்டுபிடிக்கத்தான் பத்து வருஷம் ஆகுமாம். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

டைக்ஸ்ட்ரா என்ற கணினி மேதை, கோபோல் மூளையை முடமாக்கும், அதைக் கற்பிப்பதையே குற்றமாகக் கருத வேண்டும் என்று 1975-இல் எழுதிவைத்தார். "காலேஜெல்லாம் அவர் பேச்சைக் கேட்டுது. பேங்க் கேக்கல. அதான் என் பொழைப்பு ஓடறது" என்பார் மாமா.

2020 ஏப்ரலில் கொரோனாவில் வேலை இழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்து, அவற்றைக் கையாளும் பழைய கோபோல் கணினிகள் திணறியபோது, அப்போதைய நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று பகிரங்கமாகக் கேட்டார். அந்தச் செய்தியை மாமா லேமினேட் செய்து ஹாலில் மாட்டிவிட்டார். மாமி படித்துப் பார்த்துவிட்டு, "தன்னார்வலர்னா சம்பளம் கிடையாதுதானே?" என்றார். படம் பூஜை அறைப் பக்கம் நகர்ந்துவிட்டது.

கடைசியில் ஒரு கம்பெனி மணிக்கணக்குக் கூலி பேசி மாமாவை அழைத்துப்போய், கூடவே கற்றுக்கொள்ள ஒரு பையனையும் உட்கார வைத்தது. பையன் கெட்டிக்காரன். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து புகுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வேலை நின்றுபோகும் வித்தையெல்லாம் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். ஆனால் முகத்தில் களையில்லை.

"சார், ரெஸ்யூமேல இத போட்டா அப்புறம் வேற எங்கயும் போக முடியாதுன்றாங்களே?"

மாமா உற்சாகமாக முதுகில் தட்டினார். "பைத்தியக்காரா, என்னைப் பாரு! ரிட்டயர் ஆனப்புறமும் விடமாட்டேங்கறாங்க!"

அன்று சாயங்காலமே பையன் வேறு புராஜெக்டுக்கு மாற்றல் கேட்டு மெயில் போட்டுவிட்டான்.