ஆவடி லோக்கலில் ஒரு ரம்பம்

தாத்தாமார்கள் 'அறுவை' என்பார்கள், அப்பாமார்கள் 'பிளேடு' என்பார்கள், காலேஜ் பையன்கள் 'மொக்கை' என்று முடித்துவிடுவார்கள். பட்டம்தான் வேறு வேறு, ஆள் ஒருவர்தான். ஆவடியில் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கும் அந்த ரிட்டையர்டு சார்.

"சார், அடுத்தது ஃபாஸ்ட்டா, ஸ்லோவா?" என்று புதிதாகக் குடிவந்த பையன் தெரியாமல் கேட்டுவிட்டான்.

"நல்ல கேள்வி தம்பி. இந்த லைன் எப்ப போட்டாங்க தெரியுமா? 1856. தென்னிந்தியாவுக்கே முதல் ரயில், ராயபுரத்துலேருந்து வாலாஜா ரோடு..."

சார் ராயபுரத்தில் வண்டியைக் கிளப்புவதற்குள் பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஃபாஸ்ட் கிளம்பிவிட்டது.

பேசும்போது எதிராளியின் முழங்கையை இரண்டே விரலால் பிடித்துக்கொள்வார். இறுக்கமே இருக்காது. உருவிக்கொண்டால் பெரியவரை அவமதித்ததாகிவிடுமோ என்று தோன்றுகிற அளவுக்கு ஒரு பிடி, அவ்வளவுதான். நாற்பது வருஷ சர்வீஸ் இல்லாமல் அந்தப் பிடி கைவராது.

சொல்வதில் ஒரு பொய் கிடையாது. அதுதான் கொடுமை, பொய்யென்றால் சண்டை போட்டாவது தப்பிக்கலாம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டதும் நிஜம், 1965இல் இங்கே டாங்கித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்ததும் நிஜம். ஆனால் இரண்டுக்கும் நடுவிலிருக்கிற பத்து வருஷத்தில் ஒரு நாளைக்கூடத் தாண்ட மாட்டார்.

"அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை... இல்ல இல்ல, புதன். செவ்வாய்னா எங்கப்பா ஷேவிங் பண்ண மாட்டார்."

டாங்கி நிற்கும். அப்பாவின் தாடி ஓடும். அண்ணனூர், திருமுல்லைவாயல் தாண்டிவிடும்.

பழகியவர்கள் போன் வராமலே "ஹலோ" சொல்வார்கள். பட்டரவாக்கத்தில் இறங்கி, ஓடிப்போய் அடுத்த பெட்டியில் ஏறுகிறவர்கள் உண்டு. இயர்போன் மட்டும் பலிக்காது. கழற்றும்வரை பொறுமையாக இருந்து, "எங்க விட்டேன்?" என்பார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு நல்ல பிள்ளை எங்கிருந்தாவது வந்து சேரும்: "மாநாட்டுப் பந்தல் போட்டாங்க சார்!" மொத்தப் பெட்டியும் அதை முறைக்கும்.

அன்று கொரட்டூரில் சார் தாமாகவே அலுத்துக்கொண்டார். "பூந்தமல்லியில எனக்கு ஒரு சம்பந்தி, தம்பி. செம்பரம்பாக்கம் ஏரி முழு நீர்மட்டம் 24 அடின்னு வாயைத் திறந்தா, மதகு மதகா சொல்லாம விடமாட்டார். மனுஷன் சரியான போர்! இப்படிப்பட்டவங்ககிட்ட நாமதான் நாசூக்கா நழுவிக்கணும்."

பையன் தலையாட்டினான். முழங்கை இன்னும் அவரிடம்தான் இருந்தது.

சம்பந்தி எவ்வளவு பெரிய போர் என்று வில்லிவாக்கம் முதல் விளக்க ஆரம்பித்தார். பெண் பார்க்கப் போன அன்றைக்குப் போட்ட காபியிலிருந்து. பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் வழக்கம்போல் சிக்னல் விழவில்லை, வண்டி நின்றது. "ஆங், இப்ப நிதானமா சொல்லலாம்" என்றார் சார்.