ஆய்த எழுத்து சிறப்புக் குறியாகுமா?

அனுப்புநர்: பதினெட்டு ஆண்டுகளாகத் தங்கள் வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் ஒருவன்.

பெறுநர்: உயர்திரு பாஸ்வேர்டு விதிகளை வகுக்கும் அதிகாரி அவர்கள், தலைமை அலுவலகம்.

பொருள்: செல்போனில் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொண்ட குற்றத்துக்கு மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ‘தங்கள் பாஸ்வேர்டு இன்றுடன் காலாவதியாகிறது’ என்ற குறுஞ்செய்தி, முந்தாநாள் இரவு 11.52 மணி.

ஐயா,

பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று. எட்டுக்குக் குறையாமல், பன்னிரண்டுக்கு மிகாமல். முந்தைய ஐந்தின் சாயல் இல்லாமல். 90 நாளுக்கு ஒரு முறை புதிதாக. வெண்பாவுக்குக்கூட இத்தனை கட்டுப்பாடு கிடையாது. போதாக்குறைக்கு, தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. நெடில் ஒன்று, குறில் ஒன்று, சிறப்புக் குறிக்கு ஓர் ஆய்தம் தருகிறேன். ஏற்பீர்களா?

எங்கள் வீட்டில் இதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தார். தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம், பால் கணக்குக்குக் கீழே, எல்லா பாஸ்வேர்டும் வரிசையாக இருக்கும். ஜனவரி பிறந்து காலண்டர் மாறும்போது எங்கள் மொத்தச் சொத்தும் பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேரும். அதற்குப் பயந்துதான் செல்போனில் ஒரு பெட்டகம் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

மாப்பிள்ளை பார்ப்பதுபோல் விசாரித்தேன். லாஸ்ட்பாஸ் என்று ஒரு வரன் வந்தது. 2022இல் அங்கே புகுந்தவர்கள் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகலையே எடுத்துப் போயிருந்தார்கள். பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன. எந்தெந்தத் தளத்துக்கு என்ற முகவரிகள் அப்படியே வெளிச்சத்தில் இருந்தன. அதாவது பீரோவைத் திறக்க முடியாவிட்டாலும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் திருடன் கையில். தலைமைப் பாஸ்வேர்டைச் சோப்ளாங்கியாக வைத்தவர்கள் கதி இன்னும் மோசம். அந்தச் சம்பந்தம் வேண்டாமென்று விட்டேன்.

கீபாஸ் வகைச் செயலிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பூட்டி நம் போனிலேயே வைக்கும். யாரையும் நம்ப வேண்டியதில்லை, என்னைத் தவிர. நான் போனைக் கிணற்றில் போட்ட வரலாறு உள்ளவன். கோப்புக்கு நகல் எடுத்து வைக்கும் ஒழுக்கம் இல்லாதவன். கடைசியில் பிட்வார்டன். மூலநிரல் திறந்து கிடக்கிறது, விரும்பியவர் படித்துப் பார்க்கலாம். இலவசக் கணக்கே போனுக்கும் கணினிக்கும் போதும். தலைமைப் பாஸ்வேர்டை மறந்தால் நிறுவனமே நினைத்தாலும் எடுத்துத் தர முடியாது என்றார்கள். அந்தக் கைவிரிப்புதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

இதில் இன்னொரு சமாச்சாரம் உண்டு. பாஸ்வேர்டு எந்த முகவரிக்கு உரியது என்பதையும் பெட்டகம் சேர்த்தே வைத்திருக்கும். தங்கள் தளத்தைப் போலவே சின்னம், நிறம், வணக்கம் எல்லாம் வைத்துப் போலித் தளம் வந்தால் நான் ஏமாறுவேன். பெட்டகம் முகவரியைப் பார்க்கும், பொருந்தாவிட்டால் தானாக வாயைத் திறக்காது. தாங்கள் எனக்கு மாதம் நான்கு முறை அனுப்பும் ‘எச்சரிக்கையாக இருங்கள்’ செய்தி செய்யாத வேலையை அது சத்தமில்லாமல் செய்கிறது.

அதைத்தான் தாங்கள் தடுத்திருக்கிறீர்கள்.

தங்கள் செயலியைத் திறந்தேன். பாஸ்வேர்டைத் தானாக நிரப்பப் பெட்டகத்துக்கு நான் தந்திருந்த அனுமதியைப் பார்த்ததும் ‘இந்தக் கருவி பாதுகாப்பற்றது’ என்று சாத்திக்கொண்டது. இணையதளத்துக்குப் போனேன். தானாக நிரப்பத் தடை. நகலெடுத்து ஒட்டவும் தடை. ஆகவே ஓடும் பேருந்தில் பெட்டகத்தைத் திறந்து, பாஸ்வேர்டைத் திரையில் காட்டி, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ‘அது சைபர் இல்லை சார், ஓ’ என்று பக்கத்து இருக்கைக்காரர் திருத்தினார். நல்ல மனிதர். அதற்குள் மூன்று முறை தவறி, கணக்கு முடங்கிவிட்டது.

மறுநாள் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அம்மணி மிகுந்த பரிவோடு, ‘எதுக்கு சார் இந்த ஆப் எல்லாம்? டைரியில எழுதி வச்சுக்கங்க’ என்று ஒரு டைரியும் கொடுத்தார். தங்கள் வங்கியின் டைரி. அட்டையில் தங்கள் சின்னம். திருடன் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று தடுமாற வேண்டியதில்லை.

பெரிய எழுத்து, சிறப்புக் குறி, 90 நாள் என்ற இந்த விதிகள் தங்கள் சொந்தச் சரக்கல்ல என்பது எனக்குத் தெரியும். 2003இல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டியிலிருந்து உலகமெங்கும் பரவிய வழக்கம் இது. 2017இல், பணி ஓய்வுக்குப் பின், அதில் பலவற்றுக்கு வருந்துவதாக அவரே பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் தன் வழிகாட்டியைத் திருத்தியது: காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், 64 எழுத்துவரையாவது இடம் கொடுங்கள், ஒட்ட அனுமதியுங்கள். எழுதியவரே கிழித்துப்போட்ட சீட்டைத் தாங்கள் லேமினேட் செய்து வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புவதற்கு மன்னிக்கவும். முதலில் தங்கள் குறைதீர்ப் பக்கத்தில்தான் தட்டினேன். ஆச்சரியக்குறி இருப்பதால் ஏற்க முடியாது, சிறப்புக் குறிகளுக்கு அனுமதியில்லை என்று திருப்பிவிட்டது. அந்த ஆச்சரியக்குறி என் பாஸ்வேர்டுக்காகத் தாங்கள் கேட்டு வாங்கியது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முடக்கப்பட்ட வாடிக்கையாளர்

இணைப்பு: டைரி – 1 (பயன்படுத்தப்படாதது)